பேர்ஸ், பேக்கர்ஸ் பகையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சிகாகோ பேர்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ் என்ற இரண்டு அணிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைத்தால் முதலில் தேடிப் போவது யார் எத்தனை முறை ஜெயித்தார்கள் என்ற பட்டியலைத்தான். அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற, இருநூறு ஆட்டங்களைத் தாண்டிவிட்ட போட்டி இது, எண்களைப் பார்த்தால் மனதில் எதுவும் நிற்காது.

இரண்டு ஊர்களிலிருந்து ஆரம்பியுங்கள். சிகாகோ பெருநகரம். அங்கிருந்து வடக்கே சுமார் 200 மைலில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிற கிரீன் பேயில் மொத்தமே ஒரு லட்சம் சொச்சம் பேர்தான். பேக்கர்ஸ் 1919இல் ஒரு இறைச்சி பதப்படுத்தும் கம்பெனி வீரர்களின் சட்டைக்குக் கொடுத்த பணத்தில் பிறந்த அணி, பேர்ஸ் டிகேட்டர் ஊரின் ஸ்டார்ச் கம்பெனி அணியாகத் தொடங்கி 1921இல் சிகாகோவுக்கு வந்தது. பேக்கர்ஸுக்கு இன்றுவரை தனி முதலாளி கிடையாது, பங்கு வாங்கிய ரசிகர்கள்தான் சொந்தக்காரர்கள். இந்த ஏற்றத்தாழ்வு புரிந்தால்தான் ஒவ்வொரு வெற்றியும் அந்தச் சின்ன ஊருக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று பிடிபடும்.

முதல் ஆட்டம் 1921 நவம்பர் 27. சிகாகோ 20-0 என்று ஜெயித்தது, பேக்கர்ஸ் வீரர் கப் பக்கின் மூக்கை சிகாகோ வீரர் ஒருவர் குத்தி உடைத்தார். ஆக, முதல் நாளிலேயே கைகலப்பு.

அதற்கப்புறம் ஒரேயடியாக 1956க்குத் தாவுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். பேக்கர்ஸ் ஆடிக்கொண்டிருந்த பழைய மைதானம் சிறியது. புதிது கட்டாவிட்டால் அணி கிரீன் பேயை விட்டே போய்விடும் என்ற நிலைமை, நகராட்சி கடன் வாங்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். அப்போது சிகாகோவிலிருந்து கிளம்பி வந்து, கிரீன் பே மக்கள் முன்னால் மேடையேறி, கட்டுங்கள் என்று பேசியவர் பேர்ஸின் சொந்தக்காரர் ஜார்ஜ் ஹலாஸ். ஆடுகளத்தில் ஜென்மப் பகையாளி, ஆனால் எதிரி இல்லாமல் போனால் தனக்கும் நஷ்டம் என்று தெரிந்த மனிதர். வாக்கெடுப்பு ஜெயித்தது, மைதானம் 1957 செப்டம்பர் 29இல் திறந்தது, அன்று எதிரே வந்து ஆடியதும் பேர்ஸ்தான், பேக்கர்ஸ் 21-17 என்று ஜெயித்தது. 1965இல் அதற்கு லாம்போ ஃபீல்டு என்று பெயர் மாற்றினார்கள்.

சரி, இப்போது ஆட்டங்களைப் பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, அதனால் நான் சொல்லுகிற வழி இது: கடைசி உதையில் முடிந்த ஆட்டங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்றுதான், பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 புள்ளி, அதை எதிரணி கை நீட்டித் தடுக்கலாம்.

முதலில் 1980. ஆட்டம் 6-6 என்று கூடுதல் நேரத்துக்குப் போகிறது, பேக்கர்ஸின் செஸ்டர் மார்கோல் உதைத்த பந்தை ஆலன் பேஜ் தடுக்கிறார், அது நேராக மார்கோலின் கைக்கே திரும்பி வர, மூக்குக்கண்ணாடி போட்ட அந்த உதைக்காரர் ஓடிப்போய் டச்டவுன் வைக்கிறார், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய் 6 புள்ளி எடுக்கிறார். 12-6. அதே வருஷம் டிசம்பரில் பேர்ஸ் 61-7 என்று திருப்பிக் கொடுத்தது, அதையும் விடாதீர்கள்.

அடுத்தது 1999 நவம்பர் 7. இதைப் பார்க்கும் முன் வால்டர் பேட்டன் யாரென்று கொஞ்சம் படித்துவிடுங்கள், 16,726 யார்டு ஓடி அன்றைய லீக் சாதனையை வைத்திருந்த பேர்ஸ் வீரர், அந்த ஆட்டத்துக்கு 6 நாள் முன்னால்தான் இறந்தார். பேக்கர்ஸிடம் தொடர்ந்து 10 முறை தோற்றிருந்த பேர்ஸ், லாம்போ ஃபீல்டில் 14-13 என்று முன்னால் இருக்கிறது, பேக்கர்ஸுக்கு வெறும் 28 யார்டு உதை மிச்சம். பிரையன் ராபின்சன் எகிறித் தடுத்துவிட்டார். தன்னால் அவ்வளவு உயரம் எழும்ப முடியாது, பேட்டன்தான் தூக்கிவிட்டிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2011 ஜனவரியை நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சூப்பர் பௌல் என்ற லீக் இறுதிப்போட்டிக்கு முந்தைய ஆட்டம், சிகாகோவில் பேக்கர்ஸ் 21-14 என்று ஜெயித்து வாங்கிய கோப்பையின் பெயர் ஜார்ஜ் ஹலாஸ் கோப்பை. 1956 தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி இருக்கும்.

கடைசி இரண்டை ஒரே மூச்சில் பாருங்கள். 2024 நவம்பர் 17இல் பேர்ஸின் கைரோ சாண்டோஸ் உதைத்த கடைசிப் பந்து தடுக்கப்பட்டு 20-19 என்று தோற்கிறார்கள், பேக்கர்ஸிடம் தொடர்ச்சியாக 11ஆவது தோல்வி. ஏழே வாரம் கழித்து, 2025 ஜனவரி 5, லாம்போ ஃபீல்டு, மறுபடியும் கடைசி நொடி, மறுபடியும் அதே சாண்டோஸ், இந்த முறை இன்னும் தூரத்தில், 51 யார்டு. பந்து உள்ளே போகிறது, 24-22.