நல்ல கண் மறைக்கும் குறை: மாக்குலா சிதைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிக்கும்போது ஒரு சொல்லின் நடுவில் மட்டும் ஓரிரு எழுத்துகள் மங்கினால், பெரும்பாலோர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த மங்கல், விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா சிதையத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கக்கூடும். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த இடத்தைக் கொண்டுதான் நாம் எழுத்தைப் படிக்கிறோம், ஊசியில் நூல் கோக்கிறோம், எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்கிறோம். ஓரப் பார்வை பெரும்பாலும் கெடுவதில்லை என்பதால் நடமாட்டத்துக்குத் தடை இருக்காது, வலியும் இருக்காது. கண்புரையாக இருக்கும் என்று தாமே முடிவுசெய்து காத்திருப்பதும் இதனால்தான் நேர்கிறது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, இரு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு ‘நன்றாகத்தான் தெரிகிறது’ என்று நம்புவது. ஒரு கண்ணின் மையத்தில் விழும் குறையை மற்றொரு கண் ஈடுசெய்துவிடுவதால், நல்ல கண்ணைத் தற்செயலாக மூடும் நாள்வரை பலருக்கு எதுவுமே தெரிவதில்லை. ஆகவே கண்களைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அதற்கென்றே சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டத்தாள் இருக்கிறது. படிக்கும் கண்ணாடியை அணிந்து, தாளை ஓர் அடி தொலைவில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவிலுள்ள புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கோடுகள் நேராக உள்ளனவா என்று அவற்றின் மீதே பார்வையை ஓட்டுகிறார்கள். பார்வை புள்ளியிலேயே நிற்க, சுற்றியுள்ள கோடுகள் வளைகின்றனவா, அழிந்தாற்போல் இருக்கின்றனவா என்பதைக் கவனிப்பதே முறை. தாள் கையில் இல்லாதபோது கதவின் சட்டமும் சன்னல் கம்பியும்கூட உதவும். இந்தச் சோதனை, மருத்துவர் கண்மணியை விரித்துச் செய்யும் பரிசோதனைக்கும், விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேனுக்கும் மாற்றாகாது.

நேர்கோடு திடீரென நெளிந்து தெரிந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வருவது மெல்ல முற்றும் உலர் வகை. எஞ்சியவர்களுக்கு வரும் ஈர வகையில், புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்கள் கசிந்து, சில வாரங்களிலேயே நிலையான தழும்பை உண்டாக்கிவிடக்கூடும். உலர் வகை ஈர வகையாக மாறுவதும் உண்டு. 2006 முதல் ரானிபிசுமாப் போன்ற ஊசி மருந்துகள் இந்தக் கசிவைக் கட்டுப்படுத்தப் பயன்பட்டு வருகின்றன. கண்ணுக்குள் ஊசியா என்ற அச்சம் இயல்பானதே. எனினும் கண்ணை மரத்துப்போகச் செய்த பிறகே அது போடப்படுகிறது. பார்வை சற்றுத் தெளிந்ததும் நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணி அடுத்த ஊசிக்குப் போகாமல் நின்றுவிடுவதுதான் உண்மையில் அஞ்ச வேண்டியது. கசிவு திரும்பினால், இழந்த பார்வை முழுமையாக மீளாமல் போகலாம்.

கண்ணுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு மாத்திரைகளை வாங்கி விழுங்குவதும் தவறே. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, குறிப்பிட்ட அளவில் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம் முதலியவை சேர்ந்த கலவை முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பைச் சுமார் 25 விழுக்காடு குறைப்பதாக 2001இல் காட்டியது. ஆனால் அந்தப் பயன் நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும் உரியது. நோய் வராமல் தடுக்க அது உதவியதாகத் தெரியவில்லை. பழைய கலவையிலிருந்த பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவதால், அதற்குப் பதிலாக, மாக்குலாவில் இயல்பாகவே உள்ள மஞ்சள் நிறமிகளான லூட்டினும் சியாசாந்தினும் சேர்ந்ததையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். மாத்திரையைத் தேடிக்கொண்டே புகைப்பதைத் தொடர்பவர், தம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் மிகப் பெரியதை விட்டுவைக்கிறார்.

மையப் பார்வையை இழந்த சிலருக்கு, இல்லாத முகங்களும் உருவங்களும் வண்ணக் கோலங்களும் கண்முன் தோன்றும். மனம் பேதலித்துவிட்டதாகப் பிறர் நினைப்பார்களோ என்று அஞ்சி, அதை வீட்டாரிடமும் சொல்லாமல் மறைக்கிறார்கள். இதற்கு சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயர். விழித்திரையிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தானே உருவங்களை வரைந்துகொள்வதால் நேர்வது இது, மனநோய் அன்று. கண் மருத்துவரிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.