களக்குறிப்பு எழுத ரெண்டு பக்கம்

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி மலைக்கோ வண்டியூர் கண்மாய்க்கோ மாணவர்களைக் கூட்டிப் போகிறீர்களா? ஜெல் பேனா வேண்டாம், பென்சில் போதும். ஈரம் பட்டாலும் எழுத்து கரையாது. தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவ்வளவுதான்.

நோட்டின் இடப்பக்கம் கண்ணால் பார்த்தது மட்டும். வலப்பக்கம் நாம் நினைப்பது. 'கொக்கு பசியோடு நின்றது' என்பது ஊகம். 'காலை 7.10, மடையருகே ஒற்றைக் கொக்கு, 3 முறை கொத்தியது, ஒரு மீன் சிக்கியது' என்பதுதான் பதிவு. பசி வலப்பக்கம் போகட்டும். பெயர் தெரியாவிட்டால் 'அலகு கறுப்பு, கால்விரல் மஞ்சள்' என்று அடையாளத்தை எழுதினாலே சின்னக் கொக்கு என்று பிறகு கண்டுபிடித்துவிடலாம்.

தப்பாகிவிட்டால் ரப்பர் போடாதீர்கள், ஒரு கோடு போதும். சில சமயம் அடித்ததுதான் சரியாக இருந்து தொலைக்கும்! அவசரத்தில் சுருக்கி எழுதியதை அன்று ராத்திரியே விரித்து எழுதிவிடுங்கள்.