பாதியில் நிறுத்திய கதை

வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆனபோது, 'இனிமேல் போகவேண்டாம்' என்று தோன்ற ஆரம்பித்தது. சாகவேண்டும் என்றில்லை, சலிப்பு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்று அப்போது தெரியவில்லை.

"நீ தைரியசாலி" என்றவர்கள் மேல் எரிச்சல்தான் வந்தது.

ஒருநாள் ஊசி குத்தும் நர்ஸம்மாவிடம் உளறிவிட்டேன். அறிவுரை எதுவும் இல்லை. நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னார். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே. ரத்தச் சிவப்பணு உருவாகத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஹார்மோனைப் பெரும்பாலும் சுரப்பது சிறுநீரகம்தான். அது படுத்துவிட்டால் ரத்தசோகை வரும். ஊசியும் இரும்புச்சத்தும் கொடுத்தார்கள், மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார்கள். சில வாரங்களில் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினேன். என் விரக்தியில் பாதி ரத்தசோகை! யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மீதிப் பாதிக்கு ஊசி போதவில்லை. வாழப் பெரிய காரணம் தேடுவதை விட்டேன். அக்கா மகளுக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினேன். மெஷின் ஓடும்போது அடுத்த பகுதியை யோசிப்பேன். ராத்திரி போனில் சொல்லி, முக்கியமான இடத்தில் நிறுத்திவிடுவேன். "மாமா, இது அநியாயம்!" என்று கத்துவாள்.

காலையில் எழுந்ததும் இடக்கை ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) மேல் விரல் வைத்துப் பார்ப்பேன், ரத்தம் ஓடுகிறதா என்று. தூங்கும் பூனையிடம் வருமே, அந்தக் குர்ர் மாதிரி அதிர்வு. நேற்று கதையில் குதிரை காணாமல் போயிருக்கிறது. எங்கே போனது என்று எனக்கே இன்னும் தெரியாது.