அப்பா பேரில் உள்ள கொல்லையைப் பிள்ளைகள் பேருக்கு மாற்றுவது: எந்தப் பத்திரம், எவ்வளவு செலவு

பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கும். உழுவது மூன்று பங்காளிகள். கையில் இருப்பதோ ஊர்ப் பெரியவர்கள் முன்னால் யாருக்கு எந்தப் பாகம் என்று எழுதிய ஒரு கூர்சீட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, போச்சம்பள்ளிப் பக்கம் பல கொல்லைகளின் நிலைமை இதுதான். பதிவு செய்யாத கூர்சீட்டை வைத்துக் கொல்லையை விற்கவும் முடியாது, வங்கியில் அடமானம் வைக்கவும் முடியாது. யார் எந்தப் பக்கம் அனுபவித்து வருகிறார்கள் என்பதைக் காட்ட மட்டும்தான் அது ஓரளவு உதவும்.

எந்தப் பத்திரம் எழுதுவது என்று தெளிவாகாமல் பத்திர எழுத்தரிடம் போகாதீர்கள். ஒரே நிலம், ஒரே குடும்பம், ஆனால் பத்திர வகை மாறினால் செலவு நான்கைந்து மடங்கு மாறும்.

அப்பா உயிரோடு இருந்து, நிலம் அவர் சுயமாகச் சம்பாதித்ததாக இருந்தால் தான செட்டில்மென்ட். அப்பா காலமாகி, வாரிசுகள் எல்லோரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வதாக இருந்தால் பாகப்பிரிவினை. வாரிசுகளில் ஒருவர் தன் பாகத்தை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம். வெளியாளுக்குப் போனால் கிரயம்.

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அரசு வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கணக்கு. 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். 2025 ஏப்ரல் 1 முதல் இந்தச் சலுகை உண்டு.

குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை மூன்றுக்கும் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். பழைய 25,000, 4,000 கணக்கைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம். பாகப்பிரிவினையில் இந்த உச்சவரம்பு ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டாவில் பரப்பு 0.48.50 என்று இருக்கிறது. அதாவது 48.5 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட், ஆக ஏறக்குறைய 120 சென்ட், 1 ஏக்கர் 20 சென்ட். வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 10 லட்சம் என்று வைத்துக்கொண்டால் சொத்து மதிப்பு 12 லட்சம். கிரயமாக எழுதினால் தீர்வை 84,000, பதிவு 24,000, மொத்தம் 1,08,000 ரூபாய். ஒரே மகனுக்கோ மகளுக்கோ செட்டில்மென்டாக எழுதினால் தீர்வை 12,000, பதிவு 10,000 (உச்சவரம்பு), மொத்தம் 22,000. மூன்று பேர் சமமாகப் பிரித்தால் பாகம் ஒன்று 4 லட்சம்; ஆளுக்கு 4,000 கூட்டல் 4,000, மூன்று பேருக்கும் 24,000. பத்திர எழுத்துக் கூலி, கணினிக் கட்டணம், உட்பிரிவுக் கட்டணம் இதற்கு மேல்.

உங்கள் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் மதிப்புகள் மாறிவிட்டன. பக்கத்துக் கொல்லைக்காரர் மூன்று வருஷத்துக்கு முன் கட்டிய தொகையைக் கேட்டுக்கொண்டு பணம் எடுத்துப் போனால் பாதியில் நிற்க வேண்டிவரும்.

இந்த 1 சதவீதம் 'குடும்பம்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும். செட்டில்மென்டில் அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் வருவார்கள். மருமகள் வர மாட்டார். அண்ணன் மகனும் வர மாட்டான். 'மகன் குடிக்கிறான், மருமகள் பேருக்கே எழுதிவிடுகிறேன்' என்று வரும் மாமனாரிடம் முழுத் தீர்வையையும் கேட்பார்கள். அந்த மாதிரி நேரத்தில் பேரப்பிள்ளை பேருக்கு எழுதி, மருமகளைக் காப்பாளராகப் போடுவது ஒரு வழி. ஆனால் மைனர் பேருக்குப் போன நிலத்தைப் பிறகு விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

செட்டில்மென்ட் பத்திரத்தில் பணம் கைமாறியதாக ஒரு வரி வந்தாலும் அது கிரயமாகிவிடும். தம்பி பாகத்தை அண்ணன் பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறார் என்றால் சரியான பத்திரம் விடுதலைதான். அதில் கொடுத்த தொகையை மறைக்காமல் எழுதலாம். விடுதலை கூட்டுச் சொந்தக்காரர்களுக்குள் மட்டுமே செல்லும். யாருக்கு ஆதரவாக விடுதலை என்பதைப் பேர் சொல்லி எழுதுங்கள். பொதுவாக 'விட்டுவிட்டேன்' என்று எழுதினால் அந்தப் பாகம் மீதிப் பங்காளிகள் எல்லோருக்கும் பரவும்.

யார் யார் கையெழுத்து என்பதில்தான் பெரும்பாலான பத்திரங்கள் கெடுகின்றன. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியத்துக்கு மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய அம்மாவும் முதல் வரிசை வாரிசு. மகனை இழந்த பாட்டி உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்து இல்லாமல் பாகப்பிரிவினை எழுதினால், பிற்பாடு பாட்டியின் மற்றப் பிள்ளைகள் பங்கு கேட்டு வரலாம். மகள்கள் விஷயத்தில், 'சீர் செய்து கட்டிக் கொடுத்தாச்சு' என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை என்பதை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அக்கா தங்கைக்குப் பங்கு வேண்டாம் என்றால் அவர்களே வந்து விடுதலை எழுதிக் கொடுக்க வேண்டும்; வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து எடுபடாது. அதே காரணத்தால், பூர்வீக நிலம் முழுவதையும் அப்பா ஒரே மகனுக்குச் செட்டில்மென்ட் எழுத முடியாது. பிரிக்காத நிலையில் தன் பாகத்தைக்கூட மற்றப் பங்காளிகளின் சம்மதத்தோடுதான் எழுதலாம்.

அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. செட்டில்மென்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளை சோறு போடவில்லை என்று தன்னிச்சையாக ரத்துப் பத்திரம் எழுத முடியாது. 'ஆயுள் வரை அனுபவ உரிமை எனக்கே, மகன் என்னைப் பராமரித்து வர வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். அந்த வரி இருந்தால்தான் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் கீழ் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டுப் பத்திரத்தைச் செல்லாததாக்க வலுவான பிடி இருக்கும். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் நான்கு இடங்களில் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு.

இனி காகிதங்கள். அப்பாவின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்), குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, எல்லோருடைய ஆதார், பான் அட்டை. சாட்சிகள் இரண்டு பேர். மூலப் பத்திரம் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் நாளிதழ் விளம்பரமும் முன்கூட்டியே தயாராக வேண்டும். டோக்கன் எடுத்த பிறகு இதற்கு அலைந்தால் மாதக்கணக்கில் போகும்.

பழைய பத்திரத்தைப் படிக்கும்போது மாவட்டப் பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். அதனால் ஓசூர்க் கொல்லை ஒன்றே மூன்று தலைமுறைப் பத்திரங்களில் சேலம் ஜில்லா, தருமபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம் என்று மூன்று விதமாக வரும். சர்வே எண்ணும் அப்படித்தான். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல எண்கள் உட்பிரிந்தன. பழைய எண், புதிய எண் இரண்டையும் சொத்து விவரத்தில் எழுதுங்கள். அந்தத் திட்டத்தில் வேறொருவர் பேர் பட்டாவில் ஏறியிருந்தால், அதை மாவட்ட வருவாய் அலுவலர் மூலம் திருத்திய பிறகே பத்திரத்துக்குப் போவது நல்லது.

அ-பதிவேட்டையும் (வருவாய்த்துறையின் கிராம நிலப் பதிவேடு) ஒரு முறை பாருங்கள். இஷ்டத்துக்குக் கைமாற்ற முடியாத நிபந்தனை ஒப்படை நிலமா, பஞ்சமி நிலமா, பூமிதான நிலமா என்பது அங்கேதான் தெரியும். சூளகிரி, ஓசூர், நல்லம்பள்ளி வட்டங்களில் சிப்காட்டுக்கு நில எடுப்பு அறிவிப்பு வந்த எண்ணா என்றும் விசாரியுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம்தான் தெரியும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகம் எதுவும் அதில் வராது.

பாகப்பிரிவினையில் நிலத்தைவிடச் சண்டை வருவது கிணற்றிலும் தடத்திலும்தான். நிலம் மூன்றாகும், கிணறு ஒன்றுதான், இலவச மின்சார இணைப்பும் ஒன்றுதான், அதுவும் அப்பா பேரில். 'கிணறு பொது' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டால் பத்து வருஷம் கழித்து வழக்கு. இப்படி எழுதச் சொல்லுங்கள்: "மேற்படி கிணற்றிலும், அதிலுள்ள மின்மோட்டாரிலும், மின் இணைப்பிலும் மூன்றில் ஒரு பாகப் பாத்தியமும், மேற்படி கிணற்றுக்கு ஆட்கள், கால்நடைகள், வண்டி, டிராக்டர் போய்வர வடபுறம் கிழமேலாக 12 அடி அகலத் தடப் பாத்தியமும் சேர்ந்தது." முறை வைத்து நீர் பாய்ச்சுவதாக இருந்தால் யாருக்கு எத்தனை நாள் என்று எழுதுங்கள். மோட்டார் எரிந்தால், கிணறு தூர்ந்தால் செலவு யார் யாருக்கு எவ்வளவு என்பதும் வர வேண்டும். பைப் லைன் ஒருவர் பாகத்துக்குள் போனால் அதைத் தோண்டிச் சரிபார்க்கும் உரிமையும் சேருங்கள். மாந்தோப்பாக இருந்தால் மர எண்ணிக்கையைப் பாகவாரியாகக் குறியுங்கள். வரப்பில் நிற்கும் மரம் யாருடையது என்பதையும் விட்டுவிடாதீர்கள். மேல் பாகத்துக்குத் தடமே இல்லாமல் பிரித்துவிட்டு, 'அண்ணன் தம்பிதானே, விட மாட்டானா' என்பார்கள். அந்த அண்ணன் விற்றுவிட்டால் வாங்கியவன் விட மாட்டான்.

பிரிக்கும் முன் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 1.25 ஏக்கர், பட்டாவில் 1.20, நிலத்தில் 1.17 என்று இருப்பது சகஜம். குறைவை எல்லோரும் சமமாக ஏற்பதா என்று அளந்த அன்றே பேசி முடியுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு எல்லையும் அடிக்கணக்கும் போட்ட வரைபடத்தைப் பத்திரத்தோடு இணையுங்கள். உட்பிரிவு செய்ய வரும் சர்வேயருக்கு அந்த வரைபடம்தான் வழிகாட்டி.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் அபராதத்தோடு இன்னும் 4 மாதம். சார்பதிவாளர் பதிவு செய்ய மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மதிப்புக் குறைவு என்று சொன்னால் பத்திரத்தைப் பதிந்து, மதிப்பு நிர்ணயத்துக்கு முத்திரைத் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார்கள். முடியும்வரை பத்திரம் கைக்கு வராது. கணினியில் ஏற்றிய சுருக்கத்தைக் கைரேகை வைக்கும் முன் வரி வரியாகப் படியுங்கள். தகப்பனார் பேரில் ஓர் எழுத்து, சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தப்பினாலும் பிழைத்திருத்தப் பத்திரத்துக்கு எல்லோரும் மறுபடி வர வேண்டும். அதற்குள் ஒருவர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரும் வர வேண்டும்.

பதிவோடு வேலை முடியவில்லை, பட்டா இருக்கிறது. முழு உட்பிரிவும் அப்படியே ஒருவருக்குப் போனால் பேர் மாற்றம் மட்டும்தான். துண்டாகப் பிரிந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும். ஊரகப் பகுதியில் ஓர் உட்பிரிவுக்குக் கட்டணம் 400 ரூபாய். பத்திரப் பதிவின்போதே இதைக் கட்டிவிட்டால் மனு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்விடும். பழைய பத்திரத்துக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனுப் போடலாம். பட்டா தாத்தா பேரில் இருந்து பத்திரத்தை அப்பாவின் பிள்ளைகள் எழுதியிருந்தால் பெரும்பாலும் இங்கே மனு தள்ளுபடியாகும், ஏனென்றால் நடுவில் ஒரு தலைமுறைக்கு ஆதாரம் இல்லை. தாத்தாவின் இறப்புச் சான்று, அவருடைய வாரிசுச் சான்று வைத்து முதலில் வாரிசுகள் பேரில் கூட்டுப் பட்டா வாங்கி, அதன்பின் பாகப்பிரிவினை எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. தள்ளுபடி உத்தரவின் மீது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு.

புதிய பட்டா வந்ததும் புலப்படத்தையும் இறக்கிப் பாருங்கள். பட்டாவில் 124/2ஏ உங்களுக்கு என்றிருந்து, படத்தில் 2ஏ தம்பி உழும் பக்கம் விழுந்திருப்பதுண்டு. அதை அப்போதே சொல்லித் திருத்துங்கள். கிஸ்து (நிலவரி) ரசீது இனி உங்கள் பேரில் வர கிராம நிர்வாக அலுவலரிடம் நகல் கொடுங்கள். மின் இணைப்புப் பேர் மாற்றத்துக்கு மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். பதிவு அன்று எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும்போதே அதிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.