டர்க்கி ஊர் பாப் வில்ஸ் டே: முதல் தடவை போறவங்க இப்படி போங்க

வெஸ்டர்ன் ஸ்விங்னு சொன்னா நம்மாளுங்க நிறைய பேர் ஓ கன்ட்ரி மியூசிக்கான்னு கேட்டுட்டு விட்டுருவாங்க, ஆனா இது கேக்குறதுக்காக மட்டும் வந்த இசை இல்ல, 1930கள்ல டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் சனிக்கிழமை ராத்திரி ஜனங்க ஆடுறதுக்காகவே உருவானது. அதனால நான் முதல்ல சொல்ல வர்றது ஒண்ணுதான், இந்த இசை விழாவுக்கு போனா ஓரமா சேர் போட்டு உக்காந்துடாதீங்க, எறங்கி ஆடுங்க.

முதல் தடவைக்கு டெக்சாஸ்ல இருக்குற டர்க்கிங்கிற ஊருக்கு போங்கன்னு சொல்லுவேன். மொத்தமே 300 பேர் சுமாருக்கு இருக்குற ஊர். வெஸ்டர்ன் ஸ்விங்கோட ராஜான்னு சொல்ற ஃபிடில் (வயலின்) கலைஞர் பாப் வில்ஸ் வளந்தது அந்த பக்கம்தான், அந்த ஊர்லயே முடி வெட்டுற வேலையும் பாத்திருக்காரு. 1972ல இருந்து ஏப்ரல் மாசம் கடைசி சனிக்கிழமையை ஒட்டி அவர் பேர்ல விழா நடக்குது, ஊர்வலம், ஃபிடில் போட்டி, கச்சேரி, டான்ஸ்னு நாள் முழுக்க போகும். நிகழ்ச்சி நேரம் மட்டும் அந்தந்த வருஷத்துக்கு பாத்துக்கோங்க.

டல்லாஸ்ல இருந்து கார்ல நாலரை மணி நேரம் வெச்சுக்கோங்க, 287 ரோட்டை பிடிச்சு சில்ட்ரெஸ் தாண்டி எஸ்டெலின்ல 86க்கு திரும்பினா நேரா ஊருக்குள்ள போயிரும். ஃப்ளைட்ல வந்தா அமரில்லோ இல்லன்னா லபக் ஊர்ல எறங்கலாம், ரெண்டுமே சுமார் 100 மைல். தங்குறதுக்கு 1927ல கட்டின ஹோட்டல் டர்க்கி இருக்கு, ஆனா விழா சமயத்துல ரூம் கெடைக்கணும்னா ரொம்ப முன்னாடியே புக் பண்ணனும், இல்லன்னா சில்ட்ரெஸ்ல தங்கிக்கலாம். சாப்பாடு பெரும்பாலும் பார்பிக்யூதான், சைவம்னா ஒரு கூலர்ல எலுமிச்சை சாதம் கட்டிட்டு போயிடுங்க. பகல்ல வெயிலும் காத்தும் அடிக்கும், ராத்திரி குளிரும், தொப்பியும் ஒரு ஜாக்கெட்டும் ரெண்டுமே வேணும்.

செருப்பு விஷயத்துக்கு தனியா சொல்லணும். ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டாம், ரப்பர் அடி தரையை பிடிச்சுக்கும், உடம்பு திரும்பும் ஆனா பாதம் திரும்பாது, முட்டிதான் மாட்டிக்கும். தோல் அடி வெச்ச பூட்ஸோ ஷூவோ போட்டுக்கோங்க, வழுக்கிட்டு போகணும் கால், அதுக்குன்னே சில இடங்கள்ல தரையில பவுடர் கூட தூவுவாங்க.

இப்ப ஆடுறதுக்கு வருவோம். டெக்சாஸ் டூ ஸ்டெப்னா குயிக் குயிக், ஸ்லோ ஸ்லோ, அவ்வளவுதான். கூட்டிட்டு போறவர் இடது கால்ல முன்னாடி போவாரு, ஜோடி வலது கால்ல பின்னாடி போவாங்க. இதை வீட்டு ஹால்லயே ஒரு வாரம் நடந்து பழகிட்டா போதும், சுத்துறதெல்லாம் அப்புறம் தானா வரும். வால்ட்ஸ்னா மூணு எண்ணிக்கை, திஸ்ர நடைல தாளம் போட்டு பழகினவங்களுக்கு ஒரே பாட்டுல பிடிபட்டுடும். எல்லா ஜோடியும் ஒரே பக்கமாதான் சுத்தணும், கோயில் பிரகாரம் சுத்துறதுக்கு நேர் எதிர் பக்கம்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. வேகமா ஆடுறவங்க வெளி வட்டத்துல, மெதுவா ஆடுறவங்க உள்ள, புதுசா வந்தவங்களும் உள்ள. நடுவழில நின்னு ஸ்டெப் சரி பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, பின்னாடி வர்றவங்க மோதுவாங்க, தப்பினாலும் நடந்துகிட்டே இருங்க, தாளம் திரும்ப கால்ல வந்து உக்காந்துடும்.

தெரியாதவங்க வந்து ஆடலாமான்னு கேப்பாங்க, அதுல தப்பா எடுத்துக்க ஒண்ணுமில்ல, ஒரு பாட்டு ஆடிட்டு நன்றி சொல்லிட்டு நம்ம சேர் வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டுட்டு போவாங்க. விருப்பம் இல்லன்னா வேணாம்னு மரியாதையா சொன்னா போதும். எனக்கு முதல் வால்ட்ஸ் சொல்லிக் குடுத்தது 80 வயசு இருக்கும் ஒரு பெரியம்மா, என் தோள்ல கை வெச்சு எண்ணிக்கையை வாயாலயே சொல்லிக்கிட்டு வந்தாங்க, அந்த மூணு நிமிஷம் இன்னமும் என் கால்ல இருக்கு. வயசானவங்க யாராவது கூப்ட்டா கண்டிப்பா போங்க, அவங்கள விட நல்ல வாத்தியார் கெடைக்க மாட்டாங்க.

மூச்சு வாங்கும்போது மட்டும் மேடைகிட்ட வந்து நின்னு கேளுங்க. நம்ம ஊர் கச்சேரி பெரியவங்க வயலினை பிடில்னு சொல்லுவாங்கல்ல, இங்கயும் அதேதான், அதுல ரெண்டு பிடில் ஒட்டி ஒட்டி வாசிக்கிறதுதான் இந்த இசையோட உயிர். ஸ்டீல் கிட்டாரை படுக்க வெச்சு ஒரு உலோகக் கட்டையை தந்தி மேல வழுக்கி வாசிப்பாங்க, ஸ்வரத்துல இருந்து ஸ்வரத்துக்கு இழைஞ்சு போறது நம்ம காதுக்கு கமகம் மாதிரி இருக்கும். இந்த இசையோட இன்னொரு முன்னோடி மில்டன் பிரவுன், அவர் குழுவுல ஸ்டீல் கிட்டார் வாசிச்ச பாப் டன் 1935லயே அதை கரன்ட்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிட்டாரு. பாப் வில்ஸ் சின்ன வயசுல பருத்திக்காட்டுல கறுப்பின தொழிலாளிங்க கூட வேலை செஞ்சு அவங்ககிட்ட இருந்து ப்ளூஸ் பிடிச்சவரு, அப்பா குடும்பம் ஃபிடில் குடும்பம், ரெண்டும் சேந்து கூட ஜாஸும் கலந்துதான் இந்த சத்தம் வந்துச்சு. பாட்டு நடுவுல ஆஆ ஹான்னு ஒரு கூவல் வரும், வாசிக்கிறவர் பேரை சொல்லி கூப்பிடுறதும் வரும், ரெண்டும் பாப் வில்ஸ் ஆரம்பிச்சு வெச்ச வழக்கம், அப்ப நீங்களும் சேந்து கூவலாம்.

பள்ளிக்கூட கட்டடத்துல இருக்குற அவரோட மியூசியத்தை மத்தியானமே பாத்துடுங்க, சாயந்திரம் ஆயிடுச்சுன்னா டான்ஸ் விட்டுட்டு வர மனசு வராது. மறுநாள் கிளம்புறதுக்கு முன்னாடி மேற்கால 15 நிமிஷம் போனா கேப்ராக் கேன்யன்ஸ் பார்க், செவப்பு மண் பாறைக்கு நடுவுல பைசன்ங்கிற அமெரிக்க காட்டெருமை கூட்டம் சாவகாசமா மேயும், காரை விட்டு எறங்கி கிட்ட போகாம தூரத்துல இருந்தே பாருங்க.