மேம்படுத்தியபின் மாறிப்போன விசைப்பலகை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலிருக்கும் சொல்தா தாத்தாவின் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) மடிக்கணினி பாரிசிலிருந்து மகள் வாங்கி அனுப்பியது. அதன் மேல்வரிசை ஏ, இசட் என்று தொடங்கும் பிரெஞ்சு அமைப்பு. அதிலுள்ள உபுண்டு இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்திய மறுநாள், கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டியும் திறக்கவில்லை என்று எடுத்துவந்தார். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்திலுள்ள கண் குறியைச் சொடுக்கியதும் காரணம் தெரிந்தது: ஏ என்று அச்சிட்ட விசை கியூவைத் தந்தது, அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்துக்குத் திரும்பியிருந்தது. இந்த நிலையில் அவசரப்பட்டுக் கடவுச்சொல்லை மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் சிக்கல் இரண்டாகும்.

முதலில், எழுத்து எங்கே பிறழ்கிறது என்று பார்க்க வேண்டும். உள்நுழைந்த பிறகு மட்டும் பிறழ்ந்தால், அது அந்தப் பயனருக்குரிய அமைப்பு. க்னோம் திரைச்சூழலின் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று, உள்ளீட்டு மூலங்களில் பிரெஞ்சைச் சேர்த்து முதலிடத்துக்கு நகர்த்தினால் போதும். உள்நுழைவுத் திரையிலேயே பிறழ்ந்தால், கணினி முழுமைக்குமான அமைப்பே மாறியிருக்கிறது; பலர் இங்கும் முன்னதையே திருத்திவிட்டு, மறுநாள் அதே திரையில் மீண்டும் தடுமாறுகிறார்கள்.

தாத்தாவுடையது இரண்டாம் வகை. உபுண்டுவிலும் அதற்கு அடிப்படையான டெபியனிலும் இதற்காக முனையத்தில் தட்ட வேண்டிய கட்டளை 'சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கீபோர்டு-கான்ஃபிகரேஷன்' என்பது. இதைத் தட்டும்போதும் விசைகள் இடம் மாறியே இருக்கும் என்பதால், ஏ எழுத்துக்குக் கியூ விசையையும், சிறுகோட்டுக்குப் பூச்சியத்தின் வலப்பக்கமுள்ள, மூடும் அடைப்புக்குறி அச்சிட்ட விசையையும் அழுத்த வேண்டும். எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டியதில்லை. தோன்றும் பட்டியலில் 105 விசைப் பொதுவகையையும், அடுத்துப் பிரெஞ்சையும் தேர்ந்தால், மற்றவற்றுக்கு என்டர் தட்டிச் செல்லலாம். விவரம் ஈடிசி அடைவுக்குள் டீஃபால்ட் அடைவிலுள்ள 'கீபோர்டு' கோப்பில் பதிவாகும். வட்டு மறையாக்கம் செய்த கணினியானால், 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' என்பதையும் இயக்க வேண்டும். இல்லாவிட்டால், தொடக்கத்தில் வட்டின் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் பழைய அமைப்பே தொடரும். பிறகு மறுதொடக்கம்.

விசை அமைப்பை மாற்றும் 'செட்எக்ஸ்கேபிமேப்' கட்டளையைத் தொடக்கக் கோப்பில் எழுதிச் சமாளித்து வந்தவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு: மேம்பாட்டில் திரைச்சூழல், சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸிலிருந்து புதியதான வேலண்டுக்கு மாறியிருந்தால், அந்த வரி பயன்படாது, அமைப்புகள் வழியாகவே செய்ய வேண்டும்.

தாத்தாவுக்குத் தமிழ்99 விசைப்பலகையும் காணாமற்போயிருந்தது. அதைத் தரும் 'ஐபஸ்-எம்17என்' தொகுப்பை மீண்டும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்த பின், உள்ளீட்டு மூலங்களில் பிரெஞ்சுக்குக் கீழே அதைச் சேர்த்தேன். சூப்பர் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி, இரண்டுக்கும் அவர் மாறிக்கொள்கிறார்.