விருந்தினர் வைஃபையும் பில் கணினியும்: ஏசிஎல் விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. முகப்பில் விருந்தினர் வைஃபை, இரண்டாம் கட்டில் பில் போடும் கணினி, அதன் அருகே கேமரா பதிவுப் பெட்டி. எல்லாம் ஒரே ரவுட்டரில். விருந்தினரின் போன் பில் கணினியை எட்டக்கூடாது. அதற்குத்தான் ஏசிஎல்: எதை விடுவது, எதைத் தடுப்பது என்று ரவுட்டரில் வரிவரியாக எழுதும் பட்டியல். சிஸ்கோ ரவுட்டரை வைத்துச் சொல்கிறேன்.

விருந்தினர் வலையின் முகவரிகள் 192.168.20.0, பில் கணினி இருக்கும் வலையின் முகவரிகள் 192.168.10.0 என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் வரியில் 'விருந்தினர் எங்கும் போகலாம்', 20ஆம் வரியில் 'விருந்தினர் பில் பக்கம் போகக்கூடாது' என்று எழுதியிருப்பார்கள். ரவுட்டர் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். 20ஆம் வரி இருந்தும் இல்லாததுதான். பட்டியலை எடுத்து, வரிக்குப் பக்கத்தில் எத்தனை முறை பொருந்தியது என்ற எண்ணைப் பாருங்கள். நாள் கணக்கில் ஓடியும் தடை வரியில் எண்ணே ஏறவில்லை என்றால் வரிசையைச் சந்தேகியுங்கள்.

முகவரியின் எந்தப் பகுதி பொருந்த வேண்டும் என்று சொல்லும் வைல்டுகார்டு மாஸ்க்கில் தடுமாறாதவர் குறைவு. அதில் 0 என்றால் அந்த எண் அப்படியே பொருந்த வேண்டும், 255 என்றால் எதுவும் இருக்கலாம். 0.0.0.255 என்று எழுத வேண்டிய இடத்தில் சப்நெட் மாஸ்க் எழுதும் பழக்கதோஷத்தில் 255.255.255.0 என்று போட்டால் ரவுட்டர் மறுக்காது. கடைசி எண் 0 ஆக உள்ள முகவரிகளை மட்டும் அது பிடிக்கும். அப்படி ஒரு போன் உங்கள் விருந்தினர் வலையில் இருக்காது.

பட்டியலின் அடியில் 'மற்ற எல்லாம் தடை' என்ற வரி கண்ணில் படாமல் இருக்கிறது. இது வேலை காட்டும் விதம் விசித்திரமானது. 192.168.20.0 முகவரிகளை மட்டும் அனுமதித்து, விருந்தினர் பக்கத்தில் உள்வரும் திசையில் பட்டியலை மாட்டுகிறீர்கள். நேற்றே வந்து தங்கியவரின் போன் ஓடுகிறது. இன்று பெட்டியோடு இறங்கியவருக்கு வைஃபை கிடைப்பதில்லை. புதிய போன் முகவரி கேட்கும்போது அதன் முகவரி 0.0.0.0. எந்த வரியிலும் பொருந்தாமல் அடித்தடையில் விழுகிறது. முகவரி கேட்டு யுடிபி போர்ட் 68இலிருந்து 67க்குப் போகும் இந்தக் கோரிக்கைக்குத் தனி அனுமதி தேவை. ஆனால் பலர் இந்நேரம் வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

பட்டியலை மாட்டும் திசையில் உள், வெளி என்பது ரவுட்டரின் பார்வையில்: விருந்தினர் போனிலிருந்து ரவுட்டருக்குள் வருவது உள். புதிய முகவரி முறையான ஐபிவி6 இயங்கினால் அதற்குத் தனிப் பட்டியல் வேண்டும். ஐபிவி4 பட்டியல் அதைக் கண்டுகொள்ளாது.

தொலைவிலிருந்து திருத்தும்போதுதான் பெரிய விபத்து. எண் கொண்ட பழைய பாணிப் பட்டியலில் ஒரு வரியை நீக்க, அதன் முன்னால் 'நோ' போட்டால் பட்டியல் முழுவதும் போய்விடும். இல்லாத பட்டியல் எதையும் தடுக்காது; பில் கணினி திறந்து கிடக்கும். பதறிப்போய் மறுபடி முதல் வரியை எழுதினால் உடனே அடித்தடை உயிர்பெறும்; உங்கள் தொடர்பும் அந்தப் பட்டியல் வழியே வந்தால் நீங்களே வெளியே தள்ளப்படுவீர்கள். அப்புறம் காரைக்குடிக்குப் பஸ் பிடிக்க வேண்டியதுதான். பெயரிட்ட பட்டியலாக வைத்து, வரி எண்ணைச் சொல்லித் திருத்துங்கள். எதற்காக எழுதினோம் என்று ரீமார்க் வரியும் சேருங்கள்.

தொடங்கும் முன் இருக்கும் அமைப்பைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுங்கள். தொடர்பு அறுந்தாலும் 10 நிமிடத்தில் ரவுட்டர் தானே மறுதொடக்கமாகி, பழைய அமைப்போடு எழுந்திருக்கும். விருந்தினர் போனிலிருந்தும் பில் கணினியிலிருந்தும் சோதித்த பிறகு, 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டுப் புதியதைச் சேமியுங்கள்.